சாலையில் உயிர் காப்பவர்களுக்கு நம் மேடையில் ஓர் இடம்: டர்பன் கோயில் நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

டர்பன், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டொங்காட், இசிபிங்கோ வட்டாரக் கோயில்களின் நிர்வாகக் குழுவினருக்கும் தமிழ்ச் சங்கப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

தைப்பூசக் காவடி, பங்குனி உத்திரம், ஈஸ்டர் நாட்களில் வரும் மாரியம்மன் திருவிழா, ஆடிக் கூழ், புரட்டாசி என்று ஆண்டு முழுவதும் நம் மேடைகளில் யாருக்காவது மாலையும் பொன்னாடையும் போட்டுக்கொண்டேதான் இருக்கிறோம். நன்கொடை தந்தவர்கள், வார்டு கவுன்சிலர், அன்னதானத்துக்கு அரிசி மூட்டை அனுப்பிய கடைக்காரர், ஊரிலிருந்து வந்த நாதஸ்வரக்காரர் எல்லோருக்கும் அந்த மரியாதை கிடைக்கிறது. கிடைக்க வேண்டியதுதான். இந்த வரிசையில், தன் பகுதியில் சாலை மரணங்களைக் குறைத்துக் காட்டிய போக்குவரத்துக் காவல் பிரிவு ஒன்றையும் ஆண்டுதோறும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். அந்தப் பிரிவைக் கணக்குப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதும் என் வேண்டுகோள். எத்தனை வண்டிகளை நிறுத்தினார்கள், எத்தனை ஃபைன் எழுதினார்கள் என்ற கணக்கை விட்டுவிடுவோம். அவர்கள் பார்த்துக்கொண்ட சாலையில் எத்தனை பேர் சாகவில்லை, எத்தனை பேர் கை கால் போகாமல் வீடு திரும்பினார்கள் என்பதுதான் நமக்கு வேண்டிய கணக்கு.

தென்னாப்பிரிக்காவில் 2019இல் சாலை விபத்துகளில் 12,503 பேர் இறந்தார்கள். நாளுக்கு 34 பேர். அதற்கு முன்னும் பின்னும் பெரும்பாலான ஆண்டுகளில் எண்ணிக்கை 12,000க்கு மேலேதான். 2015ஆம் ஆண்டின் விபத்துகளால் நாட்டுக்கு ஏற்பட்ட செலவு 14,300 கோடி ராண்டுக்குக் கொஞ்சம்தான் குறைவு, நாட்டின் மொத்த உற்பத்தியில் 3.4 சதவீதம் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. இறப்பவர்களில் ஏறக்குறைய 40 சதவீதம் பேர் எந்த வண்டியிலும் இல்லாதவர்கள், சாலையோரம் நடந்து போனவர்கள். என் தங்கை மகள் ஓர் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறாள். சம்பளம் வந்த வெள்ளிக்கிழமை இரவுகளில் வார்டுக்கு வருகிறவர்களைப் பற்றி அவள் சொல்வதை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை.

இதெல்லாம் அரசாங்கத்தின் வேலை, கோயிலுக்கு இதில் என்ன என்று சிலர் கேட்கலாம். ஈஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். புனித வெள்ளியன்று மவுண்ட் எட்ஜ்கம் மாரியம்மன் கோயிலுக்குப் பல்லாயிரம் பேர் போகிறோம். குழந்தைகளையும் பாட்டிமார்களையும் பால் குடங்களையும் ஏற்றிக்கொண்டு, விடியும் முன்பே சாலையில் இறங்குகிறோம். நாடு முழுவதும் சாலைகளில் அதிகம் பேர் சாகிற வார இறுதிகளில் ஒன்றும் அதேதான். 2024 மார்ச் 28, புனித வெள்ளிக்கு முந்தைய நாள், போட்ஸ்வானாவிலிருந்து மோரியாவுக்குத் தேவாலய யாத்திரை வந்த பேருந்து லிம்போப்போ மாகாணத்தில் மமாட்லகாலா பாலத்திலிருந்து கீழே விழுந்து தீப்பிடித்தது. 45 பேர் இறந்தார்கள். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி மட்டும் பிழைத்தாள். அவர்களும் நம்மைப் போலச் சாமி கும்பிடக் குடும்பத்தோடு கிளம்பியவர்கள். பக்தர்களைத் திரட்டிச் சாலையில் இறக்குகிற எந்த நிர்வாகத்துக்கும், அந்தச் சாலையைப் பார்த்துக்கொள்கிறவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்பதில் அக்கறை இருந்தே ஆக வேண்டும்.

நம் பக்கத்திலேயே நடந்தது ஃபீல்ட்ஸ் ஹில் விபத்து. 2013 செப்டம்பர் 5, மாலை நேரம். க்ளூஃபிலிருந்து பைன்டவுனுக்கு இறங்கும் எம்13 சாலையில் கட்டுப்பாடு இழந்து வந்த பெரிய லாரி ஒன்று சந்திப்பில் மினிபஸ் டாக்ஸிகள் மீதும் கார்கள் மீதும் மோதியது. 24 பேர் இறந்தார்கள். வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் அவர்கள். அதன் பிறகு ஐந்து அச்சும் அதற்கு மேலும் உள்ள லாரிகள் அந்த இறக்கத்தில் போகக் கூடாது என்று தடை வந்தது. தடை போடுவது ஒரு கையெழுத்துதான். அதை மழையிலும் இரவிலும் நின்று, வருகிற லாரியைத் திருப்பி அனுப்பி, டிரைவர் திட்டுவதையும் முதலாளி போனில் மிரட்டுவதையும் கேட்டுக்கொண்டு அமல்படுத்துகிற ஆள் ஒருவர் வேண்டும். விபத்து நடக்காத நாளில் அவர் செய்த வேலை எந்தச் செய்தியிலும் வராது. அந்த வேலைக்கு யாராவது ஒருவர் நன்றி சொல்ல வேண்டும், அது நாமாக இருக்கட்டும் என்கிறேன்.

இப்படிக் காவல் பிரிவுகளைப் பாராட்டுவது உலகத்துக்குப் புதிதல்ல. அமெரிக்காவில் காவல்துறைத் தலைவர்களின் பன்னாட்டுச் சங்கம் போக்குவரத்துப் பாதுகாப்புக்காகவே ஒரு போட்டி நடத்தியது. அதில் எனக்குப் பிடித்தது, ஒத்த அளவுள்ள பிரிவுகளை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிட்டார்கள் என்பது. பத்துப் பேர் உள்ள சின்ன ஊர்ப் பிரிவு, ஆயிரம் பேர் உள்ள மாநகரப் பிரிவோடு மோத வேண்டியதில்லை. சீட் பெல்ட், குடித்துவிட்டு ஓட்டுதல், வேகம் ஆகிய மூன்றும்தான் அங்கே முக்கியம். பிரிவில் எழுதப்பட்ட விதிமுறை இருக்கிறதா, ஆட்களுக்குப் பயிற்சி தரப்பட்டதா, பொதுமக்களிடம் பேசினார்களா, சட்டத்தை அமல்படுத்தினார்களா, கடைசியில் பலன் கிடைத்ததா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். பிரிட்டனில் இளவரசர் மைக்கேல் பெயரில் சாலைப் பாதுகாப்பு விருதுகள் 1987இலிருந்து கொடுக்கப்படுகின்றன. நம்மிடம் அவ்வளவு பணமும் ஆளும் இல்லை, சரி. ஆனால் டர்பனைச் சுற்றியுள்ள சில சாலைகளை மட்டும் பார்க்கப் போகிற நமக்கு அவ்வளவு தேவையும் இல்லை.

எதைப் பார்த்துக் கொடுப்பது என்பதில்தான் இந்த மடலின் உயிர் இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒவ்வொரு ஜனவரியிலும் பண்டிகைக் காலக் கணக்கை அறிவிக்கிறார்கள். இத்தனை வண்டிகள் சோதிக்கப்பட்டன, இத்தனை ஃபைன்கள், இத்தனை கைதுகள் என்று எண்கள் வரிசையாக வரும். இவை காவலர்கள் வேலை செய்தார்கள் என்பதற்கு அடையாளம், மறுக்கவில்லை. ஆனால் யாரையும் ஃபைனை வைத்து அளந்தால், ஃபைன் எளிதாகக் கிடைக்கிற இடத்தில்தான் அவர் போய் நிற்பார். நேரான, அகலமான இறக்கத்தில் மரத்தடியில் கேமராவை வைத்தால் ஒரு மணி நேரத்தில் கட்டு கட்டாக எழுதலாம். ஆள் சாகிற இடம் வேறாக இருக்கும். விளக்கில்லாத வளைவாகவோ, பள்ளிக்கூட வாசலாகவோ, டாக்ஸி நிறுத்தத்துக்கு எதிரே மக்கள் குறுக்கே ஓடுகிற இடமாகவோ இருக்கும். அங்கே நிற்கிற பிரிவுக்கு ஃபைன் குறைவாகத்தான் விழும். நாம் தேட வேண்டியது அந்தப் பிரிவை.

வேகத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிர்போகும் விபத்துக்கான வாய்ப்பு நான்கு சதவீதம் கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நடந்து போகிறவர் மீது 50 கிலோமீட்டர் வேகத்தில் கார் மோதுவதற்கும் 65இல் மோதுவதற்கும் சாவின் வாய்ப்பு நாலரை மடங்கு வித்தியாசம். நம் ஊர்ச் சாலைகளில் அனுமதிக்கப்பட்ட வேகமே 60. அப்படியென்றால் 'கொஞ்சம்தானே கூடப் போனேன்' என்று ரோபோட்டை, அதாவது சிக்னல் விளக்கை, தாண்டுகிற ஒவ்வொருவரும் யாருடைய உயிரோடு விளையாடுகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அந்த ஐந்து பத்து கிலோமீட்டரைக் குறைக்க வைத்த பிரிவு, எவ்வளவு பெரிய காரியம் செய்திருக்கிறது!

குடித்துவிட்டு ஓட்டுவதும் இதே மாதிரிதான். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 1982 டிசம்பரில், சந்தேகம் எதுவும் இல்லாமலே எந்த டிரைவரையும் நிறுத்தி ஊதச் சொல்லலாம் என்று கொண்டுவந்தார்கள். மரணங்கள் சட்டெனக் குறைந்தன. பிடிபட்டவர்களின் எண்ணிக்கை அதற்குக் காரணமில்லை. இன்று என்னையும் நிறுத்தக்கூடும் என்ற எண்ணம் ஒவ்வொருவர் மனத்திலும் பதிந்ததுதான் காரணம். நம் நாட்டில் சாதாரண ஓட்டுநருக்கு நூறு மில்லிலிட்டர் ரத்தத்தில் 0.05 கிராம், தொழில்முறை ஓட்டுநருக்கு 0.02 கிராம் என்று வரம்பு இருக்கிறது. சட்டம் கடுமையானதுதான். சனிக்கிழமை இரவு கல்யாண மண்டபத்திலிருந்தும் பிராய் என்கிற இறைச்சி சுடும் விருந்திலிருந்தும் கிளம்புகிற நம் ஆட்களுக்கு, வழியில் சோதனை இருக்கும் என்ற பயம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஒரு பிரிவு ஆண்டு முழுவதும், வெவ்வேறு நேரங்களில், வெவ்வேறு தெருக்களில் சோதனை நடத்தியிருந்தால் அதற்கு நிறைய மதிப்பெண் கொடுங்கள். டிசம்பரில் மட்டும் டிவி கேமராவுக்கு முன்னால் நடத்தியதற்குக் குறைவாகக் கொடுங்கள்.

அப்புறம், ஓர் ஆண்டுக் கணக்கை மட்டும் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. 2020இல் தென்னாப்பிரிக்காவின் சாலை மரணங்கள் 10,000க்குக் கீழே இறங்கின. ஊரடங்கும் மது விற்பனைத் தடையும் இருந்த ஆண்டு அது. அடுத்த ஆண்டே எண்ணிக்கை பழைய இடத்துக்கு வந்துவிட்டது. தமிழ்நாட்டைப் பாருங்கள். 2016இல் 17,218 பேர் இறந்த மாநிலம், 2019இல் 10,525க்குக் குறைத்துக் காட்டியது. இந்தியாவே திரும்பிப் பார்த்தது. 2022இல் அது மறுபடி 17,884. அதனால் குறைந்தது மூன்று ஆண்டுகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும், மாகாணம் முழுவதையும் பார்க்காமல் குறிப்பிட்ட சாலைப் பகுதியைப் பார்க்க வேண்டும் என்று விதி வைப்போம். ஹிகின்சன் ஹைவே, ஃபீனிக்ஸ் ஹைவே, வெருலம் வழியாகப் போகும் ஆர்102 மாதிரி நமக்கு நன்றாகத் தெரிந்த சாலைகளில் தொடங்கலாம். டர்பன் மாநகராட்சியின் ஈத்தெக்வினி போக்குவரத்து ஆணையம் விபத்து விவரங்களைத் தொகுத்து வைக்கிறது. முறையாகக் கடிதம் எழுதிக் கேட்போம். கோயில்கள் சேர்ந்து கேட்டால் மதிப்பு உண்டு.

எல்லாவற்றையும் அரசாங்கத்திடம் கேட்க வேண்டியதும் இல்லை. சீட் பெல்ட் போட்டவர்கள் எத்தனை பேர் என்பதை நம் பிள்ளைகளே எண்ணலாம். காவடித் தொண்டர் படையில் இருக்கிற இளைஞர்கள் இரண்டிரண்டு பேராக ஒரு ரோபோட் அருகே நடைபாதையில் நின்று, சிவப்பில் நிற்கிற வண்டிகளைப் பார்த்து, டிரைவர், முன்சீட்டுக்காரர், பின்சீட்டுக்காரர் என்று தனித்தனியாகக் குறித்துக்கொண்டால் போதும். ஆண்டுக்கு இரண்டு முறை, அதே இடம், அதே நேரம். பெல்ட் போட்டால் முன்சீட்டில் இருப்பவர் சாகிற வாய்ப்பு பாதியளவுக்குக் குறைகிறது. ஒரு பிரிவு ஒரு பகுதியில் பெல்ட்டுக்காகப் பாடுபட்டிருந்தால் அந்த நோட்டுப் புத்தகத்தில் வித்தியாசம் தெரியும்.

இனி, உங்களில் பலர் மனத்தில் இருக்கும் கேள்விக்கு வருகிறேன். 'கூல்ட்ரிங்க் காசு என்று லஞ்சம் கேட்கிறவர்களுக்கா மாலை?' இதை நான் பேச ஆரம்பித்ததிலிருந்து எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். கோபம் நியாயமானது. ரோட்பிளாக்கில் நூறு ராண்டைக் கைமாற்றிவிட்டு, டயர் தேய்ந்த டாக்ஸி போய்க்கொண்டே இருந்தால், அந்த நூறு ராண்டுக்குப் பதினைந்து பேரின் உயிர் அடமானம் வைக்கப்படுகிறது. ஆனால் காசு வாங்க மறுக்கிற காவலரும் அதே ரோட்பிளாக்கில்தான் நிற்கிறார். கூட இருப்பவர்கள் அவரைக் கேலி செய்கிறார்கள், சில நேரம் மிரட்டுகிறார்கள். அவருக்குத் துணையாக ஊர் நிற்கிறது என்பதை அவர் எப்படித் தெரிந்துகொள்வார்? கெட்டவர்களைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்தால் நல்லவர் தனியாகத்தான் நிற்பார். ஆகவே நேர்மையைத் தகுதியின் முதல் வாசலாக வைப்போம். நிரூபிக்கப்பட்ட லஞ்சப் புகார் உள்ள பிரிவு, மற்றக் கணக்கு எவ்வளவு நன்றாக இருந்தாலும், அந்த ஆண்டுக்குக் கிடையாது. ஆனால் தன் ஆட்களின் லஞ்சத்தைத் தானே கண்டுபிடித்து, நடவடிக்கை எடுத்த பிரிவைத் தள்ளிவிடக் கூடாது. அதை நாம் பாராட்டத்தான் வேண்டும்.

இன்னொன்று. இதைச் சொல்லாமல் விட்டால் மடல் முழுமையாகாது. நம் பகுதிச் சாலைகளில் அடிபட்டுச் சாகிற பாதசாரிகளில் பலர் நம் வீட்டுப் பிள்ளைகள் இல்லை. பக்கத்திலுள்ள இனாண்டா, பம்பாயி குடியிருப்புகளிலிருந்து நம் வீடுகளுக்கும் கடைகளுக்கும் ஆலைகளுக்கும் வேலைக்கு நடந்து வருகிற ஜூலு மக்கள். அவர்கள் சாவுக்கு நம் கோயில்களில் மோட்ச விளக்கு ஏற்றப்படுவதில்லை. 2021 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு ஃபீனிக்ஸிலும் அதைச் சுற்றிலும் நம் இரண்டு சமூகங்களுக்கும் நடுவே இருக்கிற காயம் எல்லோருக்கும் தெரியும். நாம் கொடுக்கும் பாராட்டுக்கு அவர்களுடைய உயிரும் நம்முடைய உயிரும் ஒரே எடை என்ற கணக்கு இருக்க வேண்டும். பிரிவைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் அவர்களும் உட்கார வேண்டும். பாராட்டுப் பத்திரம் தமிழிலும் ஜூலுவிலும் இங்கிலீஷிலும் இருக்கட்டும். மேடையேறப் போகிற காவலர்களில் பெரும்பாலானோர் ஜூலு பேசுகிறவர்களாகத்தான் இருப்பார்கள். அவர்கள் அதைத் தங்கள் அம்மாவிடம் வாசித்துக் காட்ட முடிய வேண்டும்.

குழுவைப் பற்றி என் யோசனை இது. நிர்வாகிகள் இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். விபத்துப் பிரிவில் வேலை செய்யும் செவிலியர் ஒருவர், பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர், டாக்ஸி ஓட்டுநர் ஒருவர், எண்களைப் படிக்கத் தெரிந்த பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவர், சாலையில் பிள்ளையையோ கணவரையோ இழந்த ஒருவர். அரசியல் கட்சிக்காரர்கள் யாரும் கூடாது, தேர்தல் ஆண்டில் கண்டிப்பாகக் கூடாது. காவல்துறையிடமிருந்தோ நகராட்சியிடமிருந்தோ இதற்காக ஒரு சதம்கூட வாங்கக் கூடாது. பாராட்டுப் பெறுகிற பிரிவு பிறகு நம் காவடி ஊர்வலத்துக்குச் சலுகை காட்ட வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் இருக்கக் கூடாது. தேர்ந்தெடுத்த காரணத்தை ஒரு பக்கத்தில் எழுதிக் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட வேண்டும். தகுதியான பிரிவு எதுவும் இல்லாத ஆண்டில் யாருக்கும் கொடுக்காமல், ஏன் கொடுக்கவில்லை என்பதையும் அதே பலகையில் எழுதுவோம்.

மாநகராட்சியின் மெட்ரோ போலீஸ் மட்டும் என்று சுருக்கிவிட வேண்டாம். மாகாணத்தின் போக்குவரத்துக் காவல் பிரிவு இருக்கிறது, எஸ்.ஏ.பி.எஸ். என்கிற தேசியக் காவல்துறையின் நிலையங்கள் இருக்கின்றன. ஒரே சாலையில் மூன்று பேரும் வேலை செய்கிறார்கள். சேர்ந்து குறைத்திருந்தால் சேர்ந்தே மேடைக்கு வரட்டும்.

எந்த நாளில் கொடுப்பது? காவடியன்று கூட்டத்தில் இது கரைந்துபோகும், அன்றைக்குக் காவலர்களுக்கும் வேலை இருக்கும். நவம்பர் மாத மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, சாலை விபத்தில் இறந்தவர்களை உலகம் முழுவதும் நினைவுகூரும் நாள். ஐக்கிய நாடுகள் சபை 2005இல் ஏற்றுக்கொண்ட நாள் அது. நவம்பர் 16, சென்னையிலிருந்து முதல் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களோடு ட்ரூரோ கப்பல் 1860இல் டர்பனுக்கு வந்த நாளாக நாம் ஏற்கெனவே கூடுகிற நாள். இரண்டும் எப்போதும் ஒரே வாரத்தை ஒட்டித்தான் வரும். அந்த ஞாயிறு காலை அபிஷேகம் முடிந்ததும், முதலில் அந்த ஆண்டு நம் சாலைகளில் இறந்தவர்களுக்காக விளக்கேற்றி, பெயர் சொல்லக் குடும்பத்தார் சம்மதித்தவர்களின் பெயரை வாசித்து, அதன் பிறகு காவலர்களை அழைக்கலாம். எதற்காக இந்த மாலை என்று அப்போது யாருக்கும் விளக்க வேண்டியிருக்காது.

காவலர்களுக்கு மாலை போடுகிற கோயிலின் வாசலில் நாமும் சிலவற்றைச் சரிசெய்தாக வேண்டும். பக்கியின் (திறந்த பின்புறமுள்ள சிறு சரக்கு வண்டியின்) பின்னால் பிள்ளைகளை ஏற்றி வருவதை நிறுத்துங்கள் என்று ஒலிபெருக்கியில் சொல்லுங்கள். கூலி வாங்கிக்கொண்டு அப்படி ஆட்களையோ பள்ளிப் பிள்ளைகளையோ ஏற்றுவது 2017 மேயிலிருந்து சட்டப்படியே குற்றம். கூலி வாங்காத மாமாவின் பக்கியும் கவிழத்தான் செய்யும். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தனி இருக்கை வேண்டும் என்பது 2015இலிருந்து விதி. மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்து வருகிற அம்மாக்களிடம் நம் மகளிர் அணி அன்பாகப் பேசலாம், அந்த இருக்கையை வாங்க முடியாதவர்களுக்காக இரவல் கொடுக்கப் பத்து இருக்கைகள் வாங்கி வைக்கலாம். நன்கொடையாளர் பெயரை அதிலும் எழுதிக்கொள்ளட்டும்.

வரும் பொதுக்குழுக் கூட்டத்தில் இதை நிகழ்ச்சி நிரலில் சேர்க்கும்படி ஒவ்வொரு குழுவின் செயலாளரையும் கேட்டுக்கொள்கிறேன். தமிழ் வாசிக்காத உறுப்பினர்களுக்கு யாராவது வாசித்துப் பொருள் சொல்லுங்கள். ஒரே ஆண்டில் எல்லாக் கோயில்களும் சேர வேண்டும் என்றில்லை. மூன்று கோயில்கள் சம்மதித்தால் முதல் எண்ணும் பணியை ஹிகின்சன் ஹைவேயில் தொடங்க என்னோடு வருவதாக சாட்ஸ்வொர்த்தில் பிள்ளைகள் சிலர் சொல்லியிருக்கிறார்கள். நோட்டுப் புத்தகமும் பிரதிபலிக்கும் மேல்சட்டையும் நான் வாங்கித் தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் காவடித் தொண்டர்களில் ஒருவன்,
சாட்ஸ்வொர்த், டர்பன்